கொளஞ்சியப்பனுக்கு ஒரு தப்பு பாக்கி

கச்சிராயபாளையத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் இளவரசனுக்குத் தலைக்குமேல் தளம் இல்லை. சுவர் எழுப்பியாகிவிட்டது, சென்ட்ரிங் அடித்தாகிவிட்டது, கம்பியும் கட்டி முடித்தாகிவிட்டது. வாசலில் ஜல்லி ஒரு பக்கம், எம்-சாண்ட் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, தெருநாய்கள் முறை வைத்து அதன்மேல் படுத்து எழுந்தன. கான்கிரீட் கொட்டுவதுதான் பாக்கி. அதைக் கொட்டவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது பணமுடையும் அல்ல, சிமெண்ட் தட்டுப்பாடும் அல்ல. ஒரு வாட்ஸ்அப் குழு.

குழுவின் பெயர் கோமுகி உழவர் மன்றம். கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற ஊர்க்காரர்களும், அணைக்குத் தண்ணீர் அனுப்புகிற மலைக்காரர்களும், இரண்டிலும் சேராமல் சும்மா வேடிக்கை பார்க்கிறவர்களும் அதில் உறுப்பினர்கள். ஆரம்பித்தவர் செந்தமிழ்ச்செல்வி. கரும்பு நாற்றுப் பண்ணை நடத்துகிறவர். போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குழுவில் ஒருவர் ரோஜாப்பூவும் ‘இனிய காலை வணக்க’மும் போட்டால், அந்தப் பூ விரிவதற்குள் அழித்துவிடுவார். புருஷனையே இரண்டு தடவை குழுவைவிட்டுத் தூக்கியவர். அந்த மனிதர் இப்போதும் வீட்டில் ஒரு சமாசாரம் சொல்வதற்கு முன்னால், இது விதிக்கு உட்பட்டதுதானா என்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார் என்பார்கள்.

அந்தச் செல்வியக்காவுக்குத் துணை அட்மின்தான் நம் இளவரசன். விளம்பரம் கூடாது, புரளி கூடாது, ‘பத்துப் பேருக்கு அனுப்பு’ கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி விதி நாலு என்று வைத்திருந்தார்கள். முதல் தப்புக்கு எச்சரிக்கை, இரண்டாவதுக்குக் கடைசி எச்சரிக்கை, மூன்றாவதுக்கு நீக்கம். எச்சரிப்பது செல்வி, நீக்குவது இளவரசன். ஆட்டை வெட்டுகிறவன்மேல்தானே ஆட்டுக்குக் கோபம் வரும், கத்தியைத் தீட்டிக் கொடுத்தவர்மேல் வராதல்லவா? செல்வி அதை யோசித்துத்தான் வேலையைப் பிரித்திருந்தார்.

எலவனாசூர்கோட்டையில் ஒரு கொளஞ்சியப்பன். கரும்புக்கு வளர்ச்சி ஊக்கி விற்கிறவன். அதை ஊற்றினால் கரும்பு வளர்கிற சத்தம் காதில் கேட்கும் என்று குழுவில் போட்டான். நம்பிய நாலைந்து பேர் காய்ந்த சோகை இலைகளுக்குள் புகுந்து கரும்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவருக்குக் காதில் கட்டெறும்பு புகுந்தது. அவர் மட்டும் சத்தம் கேட்டது உண்மைதான் என்று சாட்சி சொன்னார். செல்வி எச்சரித்தார், மறுபடியும் போட்டான். கடைசி எச்சரிக்கை கொடுத்தார், மூன்றாவது தடவையும் போட்டான். தூக்கச் சொல்லி இளவரசனுக்கு உத்தரவு வந்தது.

அன்றைக்குப் பங்குனி உத்திரம். அதுதான் வினை.

விருத்தாசலத்துப் பக்கம் மணவாளநல்லூரில் கோயில்கொண்டிருக்கும் கொளஞ்சியப்பர் என்கிற முருகன்மேல் இந்த வட்டாரத்துக்கு அப்படி ஒரு பிடிப்பு. கூட்டத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கொளஞ்சியப்பன்மேல் விழும். யாருடா அது என்று சண்டைக்கு வருகிறவனும் கொளஞ்சியப்பனாக இருப்பான். விலக்கிவிட வருகிறவன் மட்டும் சில சமயம் வேறு பெயராக இருக்கலாம். குழுவில் எத்தனை கொளஞ்சியப்பன்கள் என்று இளவரசன் ஒருநாள் எண்ண ஆரம்பித்து, பாதியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததால் விட்டுவிட்டான். சாதாரண நாளில் முகப்புப் படத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வான். டிராக்டர் படம் வைத்தவன் ஒருவன், மீசை ஒருவன், பேத்தி ஒருவன். உத்திரத்தன்றைக்கு அத்தனை கொளஞ்சியப்பன்களும் சொல்லி வைத்ததுபோல் முகப்பில் கோயில் வேல் படத்தை வைத்துவிட்டார்கள். கடையில் ரோட்டாவேட்டர் பிளேடு கேட்டு ஒருவர் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். இளவரசன் ஒரு வேல் படத்தைத் தொட்டான், நீக்கு என்று அழுத்தினான், பிளேடை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் ஊக்கி விளம்பரம் பழையபடி வந்து நின்றது. இளவரசன் அந்தக் கொளஞ்சியப்பனைச் சரியாகத் தேடிப்பிடித்துத் தூக்கினான். அப்படியானால் நேற்றுத் தூக்கியது யாரை என்று கொஞ்ச நேரம் யோசித்தான். தூக்கப்பட்டவன் சும்மா இருப்பானா, போன்போட்டுத் திட்டுவான், அப்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். யாரும் திட்டவில்லை.

யாரும் திட்டாததற்குக் காரணம் இருந்தது. தூக்கப்பட்டவர் ரிஷிவந்தியத்துக்காரர். கல்வராயன் மலையில் வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில் மாவு மில் ஓட்டுகிறார். மில் ஓடும்போது பேசினால் யார் காதிலும் விழாது என்பதால், வருஷக்கணக்கில் பேச்சையே குறைத்துக்கொண்டு வந்து, மில் நின்ற பிறகும் பேசாத மனிதராகிவிட்டார். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வரி எழுதியதில்லை. ஒரு கைகூப்பு பொம்மைகூடப் போட்டதில்லை. மில்லுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் உச்சியில் ஏறி நின்றால்தான் சிக்னல். தினமும் சாயங்காலம் ஏறி, குழுவில் வந்ததை எல்லாம் ஒன்று விடாமல் படித்துவிட்டு இறங்குவார். அதே பாறையில் ஒரு வெள்ளாடும் தினமும் ஏறி நிற்கும். அதனிடம் போன் இல்லாததால் அது என்ன பார்க்கிறது என்று தெரியவில்லை.

வைகாசி கடைசியில், சென்ட்ரிங் அடித்து முடித்த அன்றைக்கு, தெரியாத எண்ணிலிருந்து இளவரசனுக்கு ஒரு படம் வந்தது. மணவாளநல்லூர் கோயிலில் முனியப்பர் சன்னதி வேல். அதில் நூலால் கட்டிய ஒரு சீட்டு. கீழே ‘வணக்கம். கொளஞ்சியப்பன், மாவு மில்’ என்று இருந்தது.

இளவரசன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அந்தக் கோயிலில் மனக்குறையைத் தாளில் எழுதி வேலில் கட்டினால் அதற்குப் பிராது என்று பெயர். மூன்று மாதத்துக்குள் சாமி வந்து விசாரிப்பார். பிராது கொடுக்கிறவர் ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி சாமிக்குப் பயணப்படியும் கட்டவேண்டும். குறை தீர்ந்துவிட்டால் கட்டியவரே போய் ராஜினாமா எழுதி வழக்கை வாபஸ் வாங்கவேண்டும். வேறு யாராலும் அதை அவிழ்க்கமுடியாது.

படத்தைப் பொண்டாட்டி மணிமொழியும் பார்த்துவிட்டாள். அவள் பிறந்த ஊர் விருத்தாசலம். அவளிடம் அந்தச் சீட்டைப் பற்றி விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

“இன்னாங்க பண்ணி வெச்சிக்கினு இருக்கீங்க?” என்றாள். “நீங்க யாரை வேணா தூக்குங்க. எங்க ஊரு சாமிகிட்ட கேஸ் நடக்கிறப்ப என் தலைமேல தளம் போடமாட்டீங்க. ராஜினாமா ஆவட்டும், அப்புறம் பாக்கலாம்.”

மேஸ்திரி வீரமுத்துவும் விஷயம் கேள்விப்பட்டுக் கொத்துக்கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார். தனக்குச் சாமி பயம் எல்லாம் கிடையாது, ஆனால் மிக்ஸர் மிஷினுக்கு உண்டு என்றார். ஆனி முடிவதற்குள் போடாவிட்டால் ஆடியில் போடக்கூடாது. ஆடி போனால் மழை பிடித்துக்கொள்ளும், கட்டிய கம்பி எல்லாம் துருவேறிப்போகும், சென்ட்ரிங் பலகை உப்பிவிடும். ஆக இளவரசனுக்கு இருந்தது அந்த ஒரு ஆனி மாதம்.

செல்வியக்காவிடம் போய் முறையிட்டான். ஆளைத் திரும்பச் சேர்த்து, குழுவில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றான். நாற்றுத் தட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த செல்வி தலையைத் தூக்கவில்லை.

“சேத்துக்க. மன்னிப்பு கின்னிப்புன்னு ஒண்ணு போட்ட, உன்னையும் தூக்குவேன். ஒருத்தன்கிட்ட மன்னிப்பு கேட்டா, இதுவரைக்கும் தூக்கின அத்தினி பேரும் வரிசையில வந்து நிப்பானுங்க.”

“பிராது கட்டியிருக்காருக்கா.”

“கட்டட்டும். சாமி வந்து கேக்கட்டும். விதி நாலு இன்னான்னு நான் எடுத்துக் காட்டுறேன்.”

சேதி எப்படிக் கசிந்ததோ, குழுவே நாறிப்போனது. யாரை எச்சரித்தாலும், “அப்ப நான் மணவாளநல்லூருக்கு பஸ் ஏறிடட்டா?” என்று தனியாக எழுதிக் கேட்டார்கள். எலவனாசூர்கோட்டை ஊக்கிக்காரன் புது நம்பரில் வந்து சேர்ந்து, ஒருகையில் ஊக்கியும் மறுகையில் வெள்ளைத்தாளும் பிடித்தபடி படம் போட்டான். அழுத்தப்போன இளவரசனின் விரல் பாதியில் நின்றது. கடன் ஆப் விளம்பரம், கட்சிச் சண்டை, பேய் பிடித்த பப்பாளி என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. செல்வி ஒற்றை ஆளாக நின்று அழித்துப் பார்த்தார். அழிக்கிற வேகத்தில் அவர் போன் சூடேறி, கழுத்தில் தொங்கவிட முடியாமல் தண்ணீர்ப் பானைமேல் வைத்திருந்தார் என்று நாற்று வாங்கப் போனவர்கள் சொன்னார்கள். அந்தப் பானையில் வெந்நீர் போட்டுக் குளித்ததாகச் சொன்னவர்களை மட்டும் நான் நம்பவில்லை.

இளவரசன் வீட்டிலும் சகுனங்கள் சரியில்லை. கோழி பக்கத்து வீட்டில் போய் முட்டையிட்டது. பல்லி தப்பான பக்கத்தில் விழுந்தது. முன்பெல்லாம் இவை நடக்கவில்லையா என்றால் நடந்தன, அப்போது யாரும் கவனிக்கவில்லை. இப்போது மணிமொழி ஒவ்வொன்றையும் கவனித்து, கவனித்ததைச் சொல்லாமல், அவனைப் பார்த்துவிட்டுச் சென்ட்ரிங்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் அவன் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு மலைக்கு பஸ் ஏறினான்.

மாவு மில்காரர் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார். புருவம் முதல் கால்விரல் வரை மாவு. இளவரசன் தன்னை யார் என்று சொன்னதும் மில்லை நிறுத்தினார். வந்தவனுக்கு ஒரு சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். இளவரசன் உத்திரத்தன்று நடந்ததை எல்லாம், வேல் படத்திலிருந்து ரோட்டாவேட்டர் பிளேடு வரை ஒப்பித்தான். இப்போதே சேர்த்துவிடுகிறேன், பிராதை வாபஸ் வாங்குங்கள் என்றான்.

கொளஞ்சியப்பன் அரைத்த மாவைச் சாக்கில் அள்ளிக் கட்டினார். பிறகு பேசினார். வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பேச்சு என்பதால் அதில் உமி இல்லை.

“சேத்தா, மன்னிச்சு சேத்துக்கினாங்கன்னுதான் ஊரு சொல்லும். தப்பு பண்ணாதவனுக்கு இன்னாத்துக்குத் தம்பி மன்னிப்பு?”

“அப்ப நான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறண்ணா.”

“நீங்க கேட்டா நான் மன்னிக்கணும். அது எனக்கு ஒரு வேலை.” மில்லின் வாயில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். “சாமிகிட்ட நான் ஒண்ணுதான் கேட்டேன். கணக்கு நேராவணும்னு. தண்டனை வந்திடுச்சு, தப்பு இன்னும் வரலை. எனக்கு ஒரு தப்பு பாக்கி நிக்குது, தம்பி. அதைச் செஞ்சாதான் நேராவும்.”

இளவரசனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், இவ்வளவுதானே என்று சந்தோஷமாகிவிட்டது. இப்போதே சேர்க்கிறேன், உடனே ஒரு தப்பைச் செய்துவிடுங்கள் என்றான். இருவருமாகப் பாறைக்கு ஏறினார்கள். ஆடு நகர்ந்து இடம் கொடுத்தது. இளவரசன் அவரைக் குழுவில் சேர்த்தான். கொளஞ்சியப்பன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன தப்பு செய்யலாம் என்று யோசித்தார். வெயில் இறங்கும்வரை யோசித்தார். கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று இளவரசன் சொன்னபோது, அவசரப்படுத்தினால் தப்பு நன்றாக வராது என்றார்.

அவன் கீழே இறங்கிவந்து காத்திருந்தான். தினமும் சாயங்காலம் குழுவைத் திறந்து, கொளஞ்சியப்பன் தப்புப் பண்ணிவிட்டாரா என்று பார்ப்பான். இல்லை. வேறு எல்லோரும் பண்ணியிருப்பார்கள், அவர் மட்டும் பண்ணியிருக்கமாட்டார். ஆனி பாதி போயிற்று. மேற்கே மலைமேல் மேகம் கட்டத் தொடங்கியது. சென்ட்ரிங் அடித்தவர் வேறு வீட்டுக்குப் பலகை வேண்டும் என்று கேட்டு அனுப்பினார். மணிமொழி இப்போது பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசம். இளவரசன் மறுபடியும் பஸ் ஏறினான்.

போனமுறை பார்த்ததைவிடக் கொளஞ்சியப்பன் இளைத்திருந்தார். யோசனையில் சோறு இறங்கவில்லையாம்.

“எனக்கு வரலை தம்பி. எத்தனையோ எழுதிப் பாத்தேன். அழுத்தறப்ப கை வரமாட்டேங்குது.” பிறகு, ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருந்ததைச் சொன்னார். “தண்டனையைக் குடுத்தது நீங்க. அதுக்கான தப்பையும் நீங்களே குடுத்திடுங்க. என் கணக்குல. உங்க போன்ல.”

இளவரசன் பாறைமேல் ஏறி உட்கார்ந்தான். தன் எண்ணிலிருந்து தப்பான ஒரு பதிவு போனால் செல்வியக்கா என்ன செய்வார் என்பது அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அட்மின் பதவியை நினைத்தான். கடைக்கு வருகிறவர்கள் ‘அட்மின் சார்’ என்று கூப்பிடுவதை நினைத்தான். அப்புறம் மேகத்தைப் பார்த்தான். போனை எடுத்து ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போடப்போனான்.

கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தார். “இவ்ளோதானா? இதுக்கா என்னைத் தூக்கினீங்க?”

நியாயம்தான் என்று இளவரசனுக்குப் பட்டது. தண்டனைக்குத் தக்க எடை தப்பிலும் இருக்கவேண்டும். அணையில் நாளைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று எழுதினான். அதையும் கொளஞ்சியப்பன் ஒப்பவில்லை.

“நெசம்னு நம்பி யாராச்சும் நாத்து விட்டுடுவாங்க. தப்புதான் கேட்டேன், பாவம் கேக்கலை.”

இளவரசன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். எத்தனை வருஷம் எத்தனை பேருடைய பதிவுகளை அழித்தவன் அவன். எது எங்கே எப்படித் தப்பும் என்று அவனுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? விளம்பரம் வேண்டும், புரளி வேண்டும், பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லவும் வேண்டும், யாருக்கும் கெடுதல் வரவும் கூடாது. எழுதினான், அழித்தான், எழுதினான். கொளஞ்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, இது போதாது, இது ஜாஸ்தி, இங்கே கொஞ்சம் கம்மி என்று பதம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இப்படி வந்தது:

‘கல்வராயன் மலை அதிசயக் கல்! வயல் மூலையில் ஒரு கல்லை வைத்தால் போதும். கரும்பு விளைந்ததும் தானாக எழுந்து, தானாகச் சோகை உரித்துக்கொண்டு, வரிசையாக ஆலைக்கு நடந்து போகும். வெட்டுக்கூலி இல்லை, லாரி வேண்டாம். இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் உங்கள் கரும்பு பாதி வழியில் மனசு மாறி வீட்டுக்குத் திரும்பிவிடும்.’

கொளஞ்சியப்பன் இரண்டு தடவை படித்தார். மாவு அப்பிய முகத்தில் முதல்முறையாக ஒரு கோடு விழுந்தது. சிரித்திருக்கிறார்.

“இது தப்பு,” என்றார் திருப்தியாக. “அழுத்துங்க.”

இளவரசன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். கண்ணைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பதிவு இல்லை, குழுவும் இல்லை, நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்ற வரி மட்டும் இருந்தது. தனியாக ஒரு செய்தி வந்தது, செல்வியிடமிருந்து. ‘விதி நாலு.’ அவ்வளவுதான். முதல் தப்புக்கு எச்சரிக்கை என்பது அட்மினுக்கு மட்டும் கிடையாதா என்று அவனுக்குத் தோன்றியது. கொளஞ்சியப்பன் அவன் தோளில் கையை வைத்தார். சட்டையில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்தது.

மறுநாளே அவர் மில்லைப் பூட்டிவிட்டு மணவாளநல்லூர் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று மாலையே மணிமொழி வாசல் ஜல்லியைப் பார்த்து, நாய்களை எழுப்பி விரட்டினாள். வீரமுத்து மேஸ்திரி, மிக்ஸர் மிஷினுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று சொல்லி ஆட்களோடு வந்து இறங்கினார். ஆனி முடியச் சில நாள்தான் இருந்தது. காலையில் மிஷின் உறுமத் தொடங்கியது, ஆட்கள் வரிசையில் நின்று சட்டி சட்டியாக மேலே ஏற்றினார்கள், கம்பிக்கு நடுவே கான்கிரீட் கொழகொழவென்று பரவியது.

இளவரசன் மேலே நின்றுகொண்டிருந்தான். மனசு பாதிதான் நிறைந்திருந்தது. தளம் போடுகிற படத்தைக் குழுவில் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று போனை எடுப்பதும், எடுத்த பிறகு ஞாபகம் வந்து பையில் போடுவதுமாக இருந்தான். நடுநடுவே அவனுக்கு அழைப்பு வேறு. செல்வி அழிப்பதற்குள் அந்தப் பதிவைப் படித்துவிட்டவர்கள் அதிசயக் கல் என்ன விலை என்று கேட்டார்கள். எலவனாசூர்கோட்டை ஊக்கிக்காரன் மொத்த வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். கரும்பு நடக்கும்போது வரப்பில் போகுமா, ரோட்டில் போகுமா என்று ஒருவர் கவலையோடு விசாரித்தார். ரோட்டில் போனால் டோல்கேட் வருமாம்.

கொளஞ்சியப்பன் கோயில் விபூதியோடு வந்து, யாரும் சொல்லாமலே ஒரு சட்டியை வாங்கி வரிசையில் நின்று கலவை ஏற்றினார். மதியம் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்தியதும் இளவரசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலையிலிருந்து இறங்கியதிலிருந்தே ஏதோ யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“தம்பி, ஒண்ணு பாத்தீங்களா,” என்றார். “அந்தக் கல்லு சமாசாரம் என் தப்பு. என் கணக்குல செஞ்சது. அதுக்கு உண்டான தண்டனையை நான் பங்குனியிலேயே அனுபவிச்சிட்டேன். அப்ப உங்களைத் தூக்கினாங்களே, அது எந்தத் தப்புக்கு?”

இளவரசன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினான். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதில் ஓட்டை தெரியவில்லை.

“செல்வியம்மா பேருல நீங்க பிராது கட்டலாம்,” என்றார் கொளஞ்சியப்பன். “கேஸ் நிக்கும். வேணும்னா நான் சாட்சி வரேன்.”

கீழே மணிமொழி ஆட்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் பிராது என்ற வார்த்தை விழுந்திருக்கவேண்டும். சொம்பு பாதிச் சரிவில் நிற்க, தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

இளவரசன் அவளைப் பார்த்தான். ஈரம் காயாத தளத்தைப் பார்த்தான்.

“இன்னும் பாதி தளம் கொட்டணும்ணா,” என்றான். “கொட்டிட்டு தண்ணி கட்டணும். மொதல்ல இது காயட்டும்.”